கையைத் திரும்பக் கொடுத்தவர்

என் அப்பா சோற்றைக் கரண்டியால் சாப்பிடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சோங் பகாரில் உள்ள அத்தை வீட்டில் தீபாவளியன்று வாழையிலை போட்டுப் பரிமாறினாலும் அவர் கரண்டியைத்தான் தேடுவார். யாராவது கேட்டால், சூடு தாங்கவில்லை என்பார். உண்மைக் காரணம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்பா ஜொகூர் பாருவில் வசிப்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து போனவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கொள்கலன்களைக் கம்பிகளால் பிணைக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். சிறு வயதில் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் நான் வந்து இறங்குவேன். 2011-இல் அந்த நிலையம் மூடப்பட்டது. பின்னர் துறைமுக வேலையும் போய், அப்பா ஓர் உலோகப் பட்டறைக்கு மாறினார். அங்கேதான் மூன்று ஆண்டுகளுக்கு முன் சரிந்து விழுந்த தகடு ஒன்று அவருடைய வலது முழங்கையின் உட்புறத்தை ஆழமாக வெட்டியது.

மேசை விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்கிறதே, அந்த நரம்புதான் அறுந்தது. அல்நார் நரம்பு என்பது அதன் பெயர். அன்றிரவே மருத்துவர்கள் நுண்ணோக்கியின் உதவியோடு அதைத் தைத்துவிட்டார்கள். ஆனால், தைத்த நரம்பு ஒட்டிய மின்கம்பியைப் போல உடனே வேலை செய்வதில்லை. வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் மடிந்துவிடும். மேலே உள்ளவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில் புதிதாக வளர்ந்து கீழே வரவேண்டும். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். நரம்பு வந்து சேர்வதற்குள் உள்ளங்கையின் சிறு தசைகள் மெலிந்து பயனற்றுப் போய்விடக்கூடும். அப்பாவுக்கு அதுதான் நடந்தது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நரம்பு முன்கைவரை வளர்ந்து அங்குள்ள தசைகள் பிழைத்தபோது, மோதிர விரலும் சுண்டுவிரலும் முன்பைவிட அதிகமாக மடங்கின. விரலை மடக்கும் தசை திரும்பிவிட்டது. அதற்கு எதிர்நின்று விரலை நிமிர்த்த வேண்டிய சிறு தசை திரும்பவில்லை. குணமாக ஆக, கை மேலும் கோணலாவதைக் கண்டு அப்பா பயந்துவிட்டார். இன்னோர் அறுவை சிகிச்சை செய்தால் விரல்கள் நிமிரும் என்று மருத்துவர் சொன்னபோது, ஒருமுறை வெட்டியது போதும் என்று மறுத்துவிட்டார்.

நான் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு நமது பொங்கல் விழாவுக்கு அப்பா வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே நான் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். உதவி என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்தக் கையை என் நண்பர்கள் பார்த்துவிடக்கூடாது என்பதே உண்மை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் வலக்கையை மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் அந்த இரண்டாவது அறுவை சிகிச்சை என்னவென்று தெரிந்துகொள்ள நூலகத்திற்குப் போனேன். நான் இயந்திரப் பொறியியல் மாணவி. மருத்துவம் எனக்குப் புதிது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு பெயர் எதிர்ப்பட்டது: பால் பிராண்ட். ஆங்கிலேயர் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். பிறந்த இடம் கொல்லிமலை என்றிருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது கடையெழு வள்ளல்களில் வல்வில் ஓரியின் மலை என்று நான் மனப்பாடம் செய்த அதே கொல்லிமலை!

ஆறாண்டு தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தவள் நான். என் தமிழில் குறையிருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த மனிதரின் கதையை அப்பாவுக்குத் தமிழில்தான் சொன்னேன். அதனால் உங்களுக்கும் தமிழிலேயே சொல்ல விரும்புகிறேன்.

மலையில் வளர்ந்த சிறுவன்

பால் பிராண்ட் 1914 ஜூலை 17-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவெலின். இருவரும் கிறிஸ்துவச் சமயப் பணிக்காக இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். சாலை வசதியில்லாத, மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன கொல்லிமலையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். ஜெஸ்ஸி முழுப் படிப்புப் படித்த மருத்துவர் அல்லர். வருவதற்கு முன் கற்ற சிறிதளவு மருத்துவத்தைக் கொண்டு மலைவாழ் மக்களின் காய்ச்சலுக்கும் கட்டிகளுக்கும் சிகிச்சை செய்தார். தச்சு வேலை, கட்டட வேலை எல்லாம் அவருக்குத் தெரியும்.

பாலும் தங்கை கோனியும் மலைப்பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தார்கள். பாலுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கப் பிடிக்காது. மரத்தின் மேல் ஏறிக்கொண்டு பாடம் எழுதுவாராம்.

அக்காலத்தில் ஒருநாள், தொழுநோயாளர் மூவர் மலையேறி வந்தார்கள். யாரையும் தொட்டுச் சிகிச்சை செய்யத் தயங்காத தந்தை, அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்களின் புண்களுக்குக் கட்டுப்போட்டார். பிள்ளைகளை அருகே வரவிடவில்லை. அந்த அச்சம் சிறுவனின் மனத்தில் பதிந்தது. புண்ணையும் சீழையும் கண்ட அருவருப்பும் கூடவே பதிந்தது. மருத்துவம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காக லண்டனிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அப்பாவை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. 1929-இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தந்தி முந்தி வந்தது. அவர் இறப்பதற்கு முன் எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதுகூட நிறையாத பையன், இறந்துபோன அப்பாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்தான்.

கொத்தனார், பிறகு மருத்துவர்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால் கட்டடத் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தார். செங்கல் அடுக்குவது, மரம் இழைப்பது, கூரை போடுவது எனச் சில ஆண்டுகள் கையால் உழைத்தார். அப்பாவைப் போலவே இந்தியா சென்று கட்டடங்கள் கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கு முன்னேற்பாடாகச் சமயப் பணியாளர்களுக்கான ஓராண்டு மருத்துவ வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு மருத்துவமனையில், இரத்தம் இழந்து வெளுத்துப் பிணம்போலக் கிடந்த ஒரு பெண், இரத்தம் ஏற்றப்பட்டதும் கன்னம் சிவந்து கண் திறந்ததை அவர் நேரில் பார்த்தார். மருத்துவத்தின் மேல் இருந்த வெறுப்பு அன்றோடு போயிற்று.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் படித்தார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-இல் மணந்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். லண்டன்மீது குண்டுகள் விழுந்த இரவுகளில் நசுங்கிய கைகளையும் கால்களையும் தைத்துத்தான் அறுவை மருத்துவம் பழகினார்.

இங்கே ஒன்றை நான் கவனித்தேன். கொத்தனாராகவும் தச்சராகவும் கழிந்த ஆண்டுகளை வீணான காலம் என்று பிராண்ட் நெடுநாள் நினைத்திருந்தார். ஆனால் கை என்பது நெம்புகோல், கப்பி, கயிறு ஆகியவை சேர்ந்த ஒரு கருவி. எலும்பு நெம்புகோல், மூட்டு கப்பி, தசைநாண் கயிறு. எந்தக் கயிற்றை எந்தக் கோணத்தில் இழுத்தால் எந்த மூட்டு எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு, கருவி பிடித்துப் பழகியவருக்கு எளிதில் விளங்கும். பின்னாளில் 1985-இல் அவர் கையின் இயக்கவியல் பற்றி எழுதிய நூலை, பொறியியல் மாணவியான நான் அகராதி இல்லாமலே பாதிக்குமேல் புரிந்துகொண்டேன்.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

1946-இன் இறுதியில் பிராண்ட் வேலூர் வந்தார். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவ நிலையம் அதற்குள் பெரிய மருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் வளர்ந்திருந்தது. அவரை வேலூருக்கு அழைத்தவர் தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன்.

காக்ரேன் ஒருநாள் அவரைச் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மடங்கிய கைகள், விரலற்ற கைகள், புண் நிறைந்த கைகள் என எங்கு பார்த்தாலும் சிதைந்த கைகள். இத்தனை பேருக்குக் கை போயிருக்க, எலும்பு மருத்துவர் ஒருவராவது இதை ஏன் ஆராயவில்லை என்று பிராண்ட் வியந்தார். அது தொழுநோய் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. தொழுநோயாளியின் தசை அழுகிப்போகும், வெட்டினால் ஆறாது என்று மருத்துவர்களே நம்பியிருந்த காலம் அது.

விரல்கள் மடங்கிப்போன ஓர் இளைஞரின் கைக்குள் தம் கையை வைத்து, முடிந்தவரை அழுத்தும்படி கேட்டார் பிராண்ட். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியால் கத்தும் அளவுக்கு இறுகிய பிடி கிடைத்தது. அந்த இளைஞருக்குத் தாம் அழுத்துவதன் வேகமே தெரியவில்லை. பிராண்டுக்கோ அந்த வலியிலேயே விடை தெரிந்துவிட்டது. செத்துப்போனது என்று உலகம் ஒதுக்கிய கைக்குள் பலமான தசைகள் உயிரோடு இருக்கின்றன!

எவை செத்தன, எவை பிழைத்தன? இறந்த நோயாளி ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது ஒரு முறைமை தெரிந்தது. நரம்புகள் எல்லா இடத்திலும் கெடவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டருகே, முழங்கால் அருகே எனத் தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆழத்தில் ஓடும் நரம்புகள் தப்பிவிட்டன. அவற்றால் இயங்கும் முன்கைத் தசைகளும் தப்பிவிட்டன. அப்பாவின் நரம்பைத் தகடு வெட்டியது. அவர்களின் நரம்பைக் கிருமி நெரித்தது. இடம் ஏறக்குறைய ஒன்றுதான். மடங்கிய விரல்களும் ஒன்றுதான்.

நாணை இடம் மாற்றுதல்

கெட்ட நரம்பை மீட்க முடியாவிட்டால் என்ன செய்வது? நல்ல நரம்பு உள்ள ஒரு தசையைக் கடன் வாங்கலாம். போலியோவிலும் காயங்களிலும் இந்த முறை முன்பே கையாளப்பட்டிருந்தது. அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் போன்றவர்கள் அதை வளர்த்திருந்தார்கள். தொழுநோயாளரின் கைக்கு அதைத் துணிந்து கொண்டுவந்த முன்னோடி பிராண்ட்.

நம் விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு நாண்கள் உள்ளன. ஒன்றை எடுத்தாலும் மற்றது மடக்கும். ஆகவே, ஒரு விரலிலிருந்து ஒரு நாணை எடுத்து, நுனியை நான்காகப் பிளந்து, உள்ளங்கை வழியே செலுத்தி நான்கு விரல்களின் பக்கவாட்டில் தைக்கலாம். பின்னர், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை அதனோடு இணைத்து நீளமாக்கி விரல்களுக்குக் கொண்டுபோகும் முறையையும் பிராண்ட் உருவாக்கினார்.

1940-களின் இறுதியில் வேலூரில் முதல் சிகிச்சைகள் நடந்தன. முதலில் வந்தவர்கள் இழப்பதற்கு ஏதுமில்லாதவர்கள். வெட்டிய இடம் ஆறியது! அழுகும் தசை என்ற பழைய நம்பிக்கை பொய்த்தது.

ஆனால் நாணைத் தைத்ததோடு வேலை முடியவில்லை. மூன்று வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகுதான் உண்மையான பாடம். மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை இப்போது விரலை நிமிர்த்த வேண்டும். மூளைக்கு அது தெரியாது. நோயாளி மணிக்கட்டைத் தூக்க நினைப்பார், விரல் அசையும். அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, நாள்தோறும் பயின்று, மூளைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். குழந்தை கையை அறிந்துகொள்வதுபோல மறுபடியும் தொடங்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையைப் பற்றி 1952-இல் லண்டன் அறுவை மருத்துவர் அரசக் கல்லூரியில் பிராண்ட் உரையாற்றினார். ஹன்டேரியன் சொற்பொழிவு என்ற பெருமைக்குரிய உரை அது.

கை வந்தது, வேலை வரவில்லை

இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இதுதான். விரல்கள் நிமிர்ந்து மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனவர்களில் சிலர் சில காலம் கழித்து வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதால் பிச்சை போட யாருக்கும் மனம் வரவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்கவும் யாரும் இல்லை. தங்க இடமும் கிடைக்கவில்லை. சிகிச்சைக்கு முன்பு பசியாறிக்கொண்டிருந்தவர்கள் சிகிச்சைக்குப் பிறகு பட்டினி கிடந்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் என் கடமை முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். பிராண்ட் அப்படி விடவில்லை. ஒரு முதிய பெண்மணி கொடுத்த நன்கொடையைக் கொண்டு வேலூரில் நவஜீவ நிலையம் அமைந்தது. மருத்துவமனைக் கட்டடம் போலன்றி, கிராமம் போன்ற எளிய குடிசைகள். திரும்பிப் போகவேண்டிய இடம் கிராமம்தானே! அங்கே தச்சுப் பட்டறை வைத்தார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். பழைய கொத்தனார் தாமே உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வீணாய்ப் போனதாக நினைத்த ஆண்டுகள் அங்கே பயன்பட்டன.

முகமும் காட்டிக்கொடுத்தது. தொழுநோயில் புருவ முடி உதிரும், மூக்குத் தண்டு இடிந்துவிடும். கை சரியானாலும் முகத்தைப் பார்த்ததும் ஊர் ஒதுக்கியது. ஆகவே மூக்கைச் சீராக்கினார்கள். தலைத்தோலின் ஒரு துண்டைக் கொண்டுவந்து புருவம் அமைத்தார்கள். அது தலைமுடியல்லவா, வளர்ந்துகொண்டே போகும். கத்தரித்துக்கொள்ள வேண்டியிருந்தாலும், இல்லாதிருந்த புருவம் நீளமாக வளர்ந்ததைச் சிலர் பெருமையாகவே வைத்துக்கொண்டார்களாம்.

1954-இல் கார் விபத்தொன்றில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸை மறுபடியும் அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தவரும் பிராண்ட்தான். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அவர் வழிகாட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். பிற்காலத்தில் வேலூரின் மறுவாழ்வுத் துறையை உருவாக்கினார்.

வலி என்னும் காவலாளி

நவஜீவ நிலையத்தில் இன்னொரு புதிர் எழுந்தது. நோய் அடங்கிய பிறகும் விரல்களில் புதுப் புண்கள் வந்தன. விரல்கள் சிறிது சிறிதாகக் குறைந்தன. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டில் திறக்க முடியாத சாவியை ஒரு சிறுவன் எளிதாகத் திருப்பினான். அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. ஒருவர் சூடான பாத்திரத்தை வெறும் கையால் தூக்கியிருந்தார். வேறொருவரின் சுத்தியல் பிடியில் சிராய் இருந்தது. இரவில் தூங்கியவர்களின் விரலில் காலையில் சதை காணாமல் போயிருந்தது. காவலிருந்து பார்த்ததில் எலி கடிப்பது தெரிந்தது! வலி தெரியாததால் யாரும் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்பியவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

தொழுநோய் விரலைத் தின்பதில்லை. அது வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாத கை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. பிராண்டின் வாழ்நாள் கண்டுபிடிப்புகளில் இதுவே பெரியது. அதன் பிறகு கருவிகளின் பிடிகளை மாற்றினார்கள். மென்மையான ரப்பர் வைத்த காலணிகளைச் செய்தார்கள். ஒவ்வொருவரும் மாலையில் தம் கைகால்களைத் தாமே பார்த்துச் சோதிக்கப் பழக்கினார்கள்.

ஒருமுறை இங்கிலாந்தில், நீண்ட ரயில் பயணத்தின் முடிவில், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று பிராண்டுக்குத் தோன்றியது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுருக்கென்று வலித்தது. நெடுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

வேலூருக்கு அப்பால்

1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. பல நாட்டு மருத்துவர்கள் அங்கே வந்து கற்றார்கள். மார்கரெட் பிராண்ட் தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் வல்லுநரானார். 1960-இல் பிராண்டுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் 1986 வரை பணியாற்றினார். நீரிழிவு நோயாளரின் கால்களும் வலியின்மையால்தான் புண்ணாகின்றன என்று அங்கே அவர் காட்டியது, இன்று உலகெங்கும் எத்தனையோ கால்களைக் காக்கிறது. நம்மில் நீரிழிவு இல்லாத குடும்பம் எது?

அவர் தாய் எவெலினோ ஓய்வு வயதிற்குப் பிறகும் மலையை விடவில்லை. 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்கே உழைத்தார். பால் பிராண்ட் 2003 ஜூலை 8-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டிலில் காலமானார். நான் பிறந்த ஆண்டு அது.

அவருக்குப் பின் கை மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் இறந்தவரின் கையை உயிருள்ளவருக்குப் பொருத்தினார்கள். 2015-இல் கொச்சியிலும் 2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் இரு கைகளையும் பொருத்தும் சிகிச்சை நடந்தது. ஆனாலும் பொருத்திய கைக்குள் நரம்பு அதே மெதுவான வேகத்தில்தான் வளர்கிறது. வாழ்நாள் முழுதும் மருந்தும் நெடுங்காலப் பயிற்சியும் வேண்டும். லியோனில் கை பெற்றவர் மருந்தைத் தொடராமல், 2001-இல் அந்தக் கையை அகற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார். கத்தி செய்வது பாதி வேலை. மீதிப் பாதியை நோயாளியும் அவரைச் சுற்றியிருப்பவர்களும் செய்யவேண்டும்.

அப்பாவின் கை

இந்தக் கதையைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பகுதி பகுதியாக அப்பாவுக்குச் சொன்னேன். கொத்தனார் வேலை செய்தவர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூனையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் சுண்டுவிரலை நீட்டினார். அதில் ஒரு கொப்புளம். சூடான காப்பிக் குவளை பட்டது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அத்தை அவருக்குப் பிடியுள்ள குவளையில் காப்பி கொடுக்கிறார். அப்பாவும் இரவில் படுக்கும்முன் விரல்களைப் பார்த்துக்கொள்கிறார்.

நாணை எடுத்தால் அந்த விரல் பாழாகாதா, எத்தனை நாள் கட்டு, வேலைக்குப் போக முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை மருத்துவரிடம் சேர்ந்து கேட்டோம். ஒருநாள் அவரே கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. நடுவிரலை மடக்கும் நாண்களில் ஒன்று இப்போது மற்ற இரு விரல்களுக்கு வேலை செய்கிறது. நடுவிரலை மடக்க நினை, மற்ற விரல்களைப் பார் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தொலைக்காட்சி பார்த்தபடியே பயிற்சி செய்கிறார். கை முழுதும் பழையபடி ஆகிவிடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார்.

சென்ற ஞாயிறு சோற்றைக் கையால் எடுத்துப் பார்த்தார். பாதி சிந்தியது. அத்தை கவனியாதவர்போல் குழம்பை ஊற்றினார். கரண்டி என் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. சாப்பிட்டு முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

வரும் பொங்கல் விழாவுக்கு அப்பாவை அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். அவசரப்படாமல் பேசிக்கொண்டிருங்கள்.